அகன்ற டயர்கள்

கும்மிடிப்பூண்டி வழியே செல்லும் சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில், சிறு கார்கள் சில தம் உடலுக்கு ஒவ்வாத அகன்ற டயர்களைப் பூண்டு செல்லக் காண்கின்றோம். அழகு கருதிச் செய்வோரை நாம் குறை கூறோம். அவரவர் பணம், அவரவர் கண். பாதுகாப்பு மிகும் என்று சொல்வதே ஆராயத்தக்கது.

டயரில் 165/80 என்றிருப்பின், அகலம் 165 மில்லிமீட்டர், பக்க உயரம் அதில் நூற்றுக்கு 80 பங்கு என்பது பொருள். அகலத்தை 185 ஆக்குவோர் உயரத்தை 70 பங்காகக் குறைத்தல் வேண்டும். இன்றேல் சக்கரம் பெருத்து, வேகமானி மெய்வேகத்தைக் குறைத்துக் காட்டும்.

உலர்ந்த சாலையின் வளைவுகளில் அகன்ற டயர் நன்கு பற்றும் என்பது உண்மையே. எரிபொருட் செலவு சற்றுக் கூடும், அதனையும் பொறுக்கலாம். மழையிலன்றோ இடர் வருகின்றது! வண்டியின் எடையும் காற்றழுத்தமும் மாறாதவிடத்து, டயர் தரையிற் படியும் பரப்புப் பெரிதும் மிகுவதில்லை. அதன் வடிவமே நீளங் குறைந்து அகல்கின்றது. அகன்ற முகம் மிகுந்த நீரை விலக்கவேண்டியிருத்தலின், விரைந்து செல்லுங்கால் நீரின்மேல் மிதக்கத் தலைப்படும். அப்பொழுது பிரேக்கும் பயன்படாது, ஸ்டீயரிங்கும் கேளாது. ஐப்பசி கார்த்திகையில் நீர் தேங்கிய சாலையில், பின்னே சரக்கு லாரி தொடர்ந்து வர, அந்நிலை எய்தியோர் பிழைத்தல் அரிது. லாரியின் பெரிய டயரை அதன் பெரும் பாரமே தரையோடு அழுத்துகின்றது. சிறு காருக்கு அவ்வுதவி இல்லை.

வண்டி செய்தோர் கதவோரத்தில் ஒட்டியுள்ள அளவே போதும் என்பது நம் கருத்து. அகன்ற டயருக்கு வைத்த பணத்தைக்கொண்டு, தேய்ந்த டயர்களை ஐப்பசிக்கு முன்னரே மாற்றிக்கொள்க.