எல்லாப் பழியும் பல்லு மேல

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. ஆபீஸ்ல ஆணி ஒரு பக்கம், வீட்ல ஜூனியர் ஒரு பக்கம். திரும்பி வந்ததும் ஜாலியா ஒரு மொக்கை போடலாம்னுதான் இருந்தேன். ஆனா இன்னிக்குக் கொஞ்சம் கோவமா இருக்கேன். பொறுத்துக்கோங்க மக்களே.

மேட்டர் இதுதான். ரெண்டு மாசம் முன்னாடி, ஜூனியருக்கு அப்போ எட்டு மாசம். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி காய்ச்சல். சனிக்கிழமை விடிஞ்சா தண்ணியா பேதி. ஊர்லேர்ந்து அம்மா போன்ல, "பல்லு மொளைக்குதுடா, அப்படித்தான் போகும்". எதிர் வீட்டு மாமி வாசல்லேர்ந்தே, "பல்லு வரதுப்பா, பயப்படாதே. என் பொண்ணுக்கும் இப்படித்தான் ஆச்சு". மந்தைவெளி மார்க்கெட் பக்கத்து மெடிக்கல்ல கேட்டா, "பல்லுதான் சார்"னு ஈறுல தடவ ஒரு ஜெல்லை எடுத்து நீட்டினார். அபார்ட்மென்ட் வாட்ஸப் குரூப்ல வெள்ளை மாத்திரை, வசம்பு, தேன்னு ஆளுக்கொரு வைத்தியம். மொத்தம் பதினொரு பேர் கருத்து சொன்னாங்க. ஒருத்தர்கூட குழந்தையைப் பார்க்கலை.

நானும் படிச்சவன்தான். இஞ்சினியரிங் எல்லாம் முடிச்சவன். நானும் தலையாட்டினேன். அதுதான் இந்தக் கோவத்துல பாதி.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் தங்கமணிதான் கண்டுபிடிச்சாங்க. காலைல மாத்தின டயபர் இன்னும் காய்ஞ்சே இருக்கு. பையன் அழறான், கண்ல தண்ணி வரலை. ஆட்டோ பிடிச்சு ஓடினோம். டாக்டரம்மாகிட்ட நான் பெரிய விவரம் மாதிரி, "பல்லு மொளைக்குது டாக்டர்"னு ஆரம்பிச்சேன். அவங்க உச்சிக்குழில விரலை வெச்சுப் பார்த்துட்டு கேட்டது ஒரே கேள்வி: "பல்லு இருக்கட்டும், கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போனான்?"

எனக்குப் பதில் தெரியலை.

வயித்துல கிருமி. உடம்புல தண்ணி வத்திப் போச்சு. அங்கேயே உட்கார வெச்சு ஸ்பூன் ஸ்பூனா ஓ.ஆர்.எஸ். கொடுக்க வெச்சாங்க, கூடவே துத்தநாக மருந்து. சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு டயபர் நனைஞ்சது. சம்பளம் ஏறினப்பகூட நான் அவ்ளோ சந்தோஷப்பட்டதில்லை.

இப்போ விஷயத்துக்கு வருவோம். எங்க வேலைல ஒரு கெட்ட பழக்கம் உண்டு. புதுசா ஒரு பிரச்சினை வந்தா, உள்ளே போய்ப் பார்க்காம "இது ஏற்கனவே தெரிஞ்ச பிரச்சினைதான்"னு எழுதி டிக்கெட்டை மூடிடறது. நம்ம ஊர்ல "பல்லு மொளைக்குது"ங்கறது அந்த மாதிரி ஒரு வாக்கியம். அது நோயைக் கண்டுபிடிக்கலை, தேடறதை நிறுத்துது.

பல் முளைக்கறப்போ வலியே இல்லைன்னு நான் சொல்ல வரலை. ஈறு வீங்கும், ஜொள்ளு ஊத்தும், கைல கிடைச்சதைக் கடிக்கும், தூக்கம் கெடும். 2000-ல அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 475 பற்கள் முளைச்சதை நாள் நாளாக் குறிச்சு வெச்சுப் பார்த்தாங்க. தொந்தரவெல்லாம் பல் வெளியே வர்றதுக்கு நாலு நாள் முன்னாலேர்ந்து மூணு நாள் பின்னால வரைக்கும்தான். லேசா உடம்பு சுடலாம். 102 காய்ச்சலுக்கும் தண்ணி மாதிரிப் போறதுக்கும் பல் காரணம் இல்லை.

அப்புறம் ஏன் எல்லா வீட்லயும் பல்லோட சேர்ந்தே காய்ச்சல் வருது? சிம்பிள். அம்மாகிட்டேர்ந்து வந்த எதிர்ப்பு சக்தி குறையறது சுமார் ஆறு மாசத்துல. தவழ ஆரம்பிச்சு தரைல கிடக்கறதை எல்லாம் வாய்ல போடறதும் அப்பத்தான். இட்லி, பருப்புசாதம் ஆரம்பிக்கறதும் அப்பத்தான். முதல் பல் எட்டிப் பார்க்கறதும் அப்பத்தான். இருபது பாற்பல்லும் வந்து முடிய ரெண்டரை, மூணு வயசாகும். அந்த ரெண்டு வருஷத்துல குழந்தைக்கு என்ன வந்தாலும் பக்கத்துல ஒரு பல் கிடைக்கும், பழியைப் போட!

இதுல நாம மட்டும் ஸ்பெஷல் இல்லை. 1839-ல இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் ஐயாயிரம் சாவுக்கு மேல அரசாங்கப் பதிவேட்டுலயே காரணம் "பல் முளைத்தல்"னு எழுதி வெச்சிருக்காங்க. பல்லால சாகறாங்கன்னு நம்பினதால பல்லுக்கு மருந்து வித்தாங்க. அமெரிக்காவுல மிஸஸ் வின்ஸ்லோஸ் சூதிங் சிரப்னு ஒண்ணு, உள்ளே மார்ஃபின். குழந்தை அமைதியாத் தூங்கும், சிலது எழுந்திருக்கவே எழுந்திருக்காது. பிரிட்டன்ல பல் பவுடர், உள்ளே பாதரசம். கை கால் சிவந்து, தோல் உரிஞ்சு நூத்துக்கணக்கான குழந்தைங்க செத்தாங்க. 1954-ல பாதரசத்தை எடுத்ததும் அந்த நோயே கிட்டத்தட்டக் காணாம போச்சு.

"அதெல்லாம் பழைய கதை"ங்கறீங்களா? 2008 கடைசியில நைஜீரியாவுல மை பிகின்னு ஒரு பல் மருந்து. "என் குழந்தை"ன்னு அர்த்தமாம். டைஎத்திலீன் கிளைக்கால் கலந்த மருந்து, எண்பதுக்கும் மேல குழந்தைங்க போயிட்டாங்க. அந்த விஷம் நமக்கு அந்நியமா? 1972-ல இதே சென்னையில அதே விஷம் கலந்த மருந்தால குழந்தைங்க இறந்தாங்க. 2025 அக்டோபர்ல நம்ம காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்துல தயாரான கோல்ட்ரிஃப் இருமல் மருந்துல 48.6 சதவீதம் அதுதான் இருந்துச்சு. மத்தியப் பிரதேசத்துல இருபதுக்கும் மேல பிஞ்சுகள். இருமல் மருந்துக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, தானா சரியாகிற ஒண்ணுக்குக் கூட "எதையாவது கொடுத்தாகணும்"ங்கற நம்ம அவசரம்தான் சம்பந்தம்.

அந்த ஜெல்லுக்கு வர்றேன். ஈறு மரத்துப் போக பென்சோகெய்ன் இருக்கற ஜெல்லை ரெண்டு வயசுக்குள்ள குழந்தைகளுக்கு விக்கறதை நிறுத்தச் சொல்லி அமெரிக்க எஃப்.டி.ஏ. 2018-ல சொல்லிடுச்சு. ரத்தம் ஆக்சிஜன் சுமக்கற சக்தியை இழந்துடற ஆபத்து இருக்கு. வாய்ப்புண் ஜெல்கள் பலதுல இருக்கற கோலின் சாலிசிலேட்டை 16 வயசுக்குக் கீழே யாருக்கும் போடாதேன்னு பிரிட்டன் 2009-லயே சொல்லியாச்சு. நம்ம தெருவுல சீட்டு இல்லாம, எட்டு மாசக் குழந்தைக்குன்னு சொன்ன பிறகும் எடுத்து நீட்டறாங்க. தேன் வேற! ஒரு வயசு ஆகாத குழந்தைக்குத் தேன் கொடுத்தா பொட்டுலிசம் வர ஆபத்து உண்டு.

"எங்க காலத்துல இப்படித்தான் வளர்த்தோம், நல்லாத்தானே இருக்கீங்க?"

இந்தக் கேள்வி வரும்னு தெரியும். எங்க பாட்டிக்குப் பிறந்தது ஒன்பது, தங்கினது ஆறு. நாலாவது எப்படிப் போச்சுன்னு சின்ன வயசுல கேட்டப்போ பாட்டி சொன்னது: "பல்லு மொளைக்கறப்போ பேதி கண்டு போயிடுச்சுடா கண்ணு." மூணு நாள் பேதியாம். தண்ணி கொடுத்தா இன்னும் போகும்னு தண்ணியையும் நிறுத்திட்டாங்களாம். சாகற வரைக்கும் பாட்டி பல்லைத்தான் திட்டினாங்க. 1971-ல இந்தியாவுல ஆயிரம் குழந்தை பிறந்தா ஒரு வயசுக்குள்ள 129 போச்சு. 2020-ல 28. நல்லா வளர்ந்தவங்கதான் இன்னிக்கு உட்கார்ந்து "நாங்க நல்லாத்தானே வளர்ந்தோம்"னு சொல்ல முடியும். அந்த நாலாவது வந்து பின்னூட்டம் போடாது.

பாட்டி வைத்தியத்து மேல எனக்குப் பகை இல்லை. கையைச் சுத்தமா கழுவிட்டு ஈறை விரலால மெதுவாத் தேய்ச்சு விடறது, குளிர்ந்த ஈரத் துணியைக் கடிக்கக் கொடுக்கறது, தோள்ல போட்டுத் தட்டறது, இதெல்லாம் பாட்டிங்க சொன்னதுதான். டாக்டரும் அதையேதான் சொல்றாங்க. வலி ரொம்ப இருந்தா எடைக்கேத்த அளவு பாராசிட்டமால், அதுவும் டாக்டரைக் கேட்டு. ஈழத்து நண்பர்கள் வீட்ல முதல் பல்லுக்குப் பல்லுக்கொழுக்கட்டை அவிச்சுக் கொண்டாடுவாங்களே, அதையும் ஜோரா செய்வோம். பல்லைக் கொண்டாடுங்க. அது மேல பழியைப் போட்டுட்டு குழந்தையைப் பார்க்காம இருக்காதீங்க.

ஜூனியரோட முதல் பல் எப்போ வந்துச்சு தெரியுமா? அந்த ஞாயித்துக்கிழமைக்கு மூணு வாரம் கழிச்சு. காய்ச்சல் இல்லை, பேதி இல்லை, ஒரு அழுகை இல்லை. தங்கமணி கஞ்சி ஊட்டறப்போ ஸ்பூன்ல "டிங்"னு ஒரு சத்தம். அவ்ளோதான்.

டிஸ்கி 1: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டறவன். குழந்தைக்கு 100.4-க்கு மேல காய்ச்சல் இருந்தாலோ, ஆறு மணி நேரமா டயபர் காய்ஞ்சே இருந்தாலோ, உச்சிக்குழி உள்வாங்கினாலோ என் பதிவையும் படிக்காதீங்க, மாமியையும் கேட்காதீங்க. ஓடுங்க. மூணு மாசம்கூட ஆகாத குழந்தைன்னா இன்னும் வேகமா ஓடுங்க.

டிஸ்கி 2: ஓ.ஆர்.எஸ். வாங்கறப்போ பொட்டலத்துல உலக சுகாதார நிறுவன அளவுன்னு போட்டிருக்கான்னு பாருங்க. ஓ.ஆர்.எஸ்.னு பேர் வெச்ச இனிப்புத் தண்ணிக்கெல்லாம் 2025 அக்டோபர்லதான் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தடை போட்டுச்சு.

டிஸ்கி 3: எதிர் வீட்டு மாமி இந்தப் பதிவைப் படிக்க மாட்டாங்கங்கற தைரியத்துல எழுதினது. யாரும் போட்டுக் கொடுத்துடாதீங்க, சாம்பார் கட் ஆயிடும்.