கும்பிடவும் வேண்டாம், கொளுத்தவும் வேண்டாம்

இந்தக் குளிர்காலத்தில் எமது வாசகர் சந்திப்பொன்று இடைநடுவில் குழம்பிப்போனது. ஸ்ரௌவ்வில்லில் ஒரு நண்பரின் வீட்டு நிலக்கீழறையில் ஒன்பது பேர் கூடியிருந்தோம். ஸ்காபரோவிலிருந்தும் மார்க்கத்திலிருந்தும் பனியில் வாகனம் ஓட்டி வந்தவர்கள். கதைக்க எடுத்துக்கொண்ட விடயம் இதுதான்: நாம் மகத்தானவை என்று சொல்லிவரும் நாவல்கள் உண்மையிலேயே அந்தப் பெயருக்குத் தகுதியானவையா?

கல்கியின் 'பொன்னியின் செல்வ'னில் தொடங்கி, தி. ஜானகிராமனின் 'மோகமுள்'ளைத் தொட்டு, கே. டானியலின் 'பஞ்சமர்' வரை வந்தோம். அங்கே ஒருவர் சொன்னார்: "அது இலக்கியமில்லை, துண்டுப்பிரசுரம்." எதிர்க்கதிரையில் இருந்தவர் கேட்டார்: "நீங்கள் எந்தக் கிணத்தடியில நிண்டு உதைச் சொல்லுறியள்?" பிறகு ஒருவரும் பேசவில்லை. மேலேயிருந்து தேத்தண்ணி வந்தது. குடித்தோம். வீதியில் பனி கொட்டுகிறது என்று சொல்லிக் கலைந்தோம். அந்த இருவரும் அடுத்த சந்திப்புக்கு வரவில்லை.

இந்த விடயத்தை நாகரிகமாக மூடி வைத்துவிடலாம் என்று எம்மில் சிலர் ஆலோசனை சொன்னார்கள். நாம் அதற்கு உடன்படவில்லை. மூடி வைப்பதில் எமது சமூகம் ஏற்கெனவே போதிய தேர்ச்சி பெற்றிருக்கிறது.

முதலில் எமது வெட்கத்தைச் சொல்லிவிடுகிறோம். அன்றைக்கு இருந்த ஒன்பது பேரில் 'பஞ்சம'ரை முடிவுவரை வாசித்திருந்தவர்கள் நான்கு பேர். 'பொன்னியின் செல்வ'னின் ஐந்து பாகங்களையும் வளர்ந்த பிறகு ஒருமுறையாவது திரும்ப வாசித்தவர்கள் இருவர். மற்றவர்கள் பதினான்கு வயது ஞாபகத்தை வைத்துக்கொண்டோ, யாரோ எழுதிய முன்னுரையை வைத்துக்கொண்டோ வாதாடினோம். இரண்டரை மணித்தியாலம், குரல் கம்மும் வரை வாதாடினோம்.

எமக்குள் இருப்பவை மூன்று கட்சிகள். மூன்றையும் நாம் குற்றஞ்சாட்டுகிறோம். மூன்றிலும் நாமே இருந்திருக்கிறோம்.

முதலாவது, பக்தர்களின் கட்சி. இவர்களுக்கு ஒரு நாவல் மகத்தானதா என்று கேட்பதே தெய்வகுற்றம். காலம் தீர்ப்புச் சொல்லிவிட்டது என்பார்கள். இந்தப் பக்திக்கு ஒரு காரணம் உண்டு, அதை நாம் எள்ளி நகையாட மாட்டோம். கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்த கதையை வாரம் வாரம் வெட்டி எடுத்து, தைத்து, மட்டை போட்டு வைத்த வீடுகளிலிருந்து வந்தவர்கள் நாம். எழுத்துக்கூட்டி வாசித்த தாய்மார் வந்தியத்தேவனின் குதிரைக்குப் பின்னால் ஓடித்தான் சரளமாக வாசிக்கப் பழகினார்கள். பிறகு 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணமே எழும்பி நடந்தபோது புத்தக அலுமாரியைத் தலையில் தூக்கிக்கொண்டு போக ஒருவராலும் முடியவில்லை. இத்தனையும் பறிபோன சனத்துக்கு மிஞ்சிய புத்தகம் விக்கிரகமாகத்தான் தெரியும்.

ஆனால் விக்கிரகத்தை ஒருவரும் வாசிப்பதில்லை. கழுவித் துடைத்து வைக்கிறார்கள், அவ்வளவுதான். 2022இலும் 2023இலும் மணிரத்னத்தின் இரண்டு படங்களும் வந்தபோது இந்நகரத்துத் திரையரங்குகளுக்குக் குடும்பம் குடும்பமாகப் போனோம். நாவலைக் கெடுத்துவிட்டார்கள் என்று திரும்பி வரும் வழியெல்லாம் திட்டினோம். அந்தக் கோபத்தில் எத்தனை பேர் வீட்டுக்கு வந்து புத்தகத்தைக் கையில் எடுத்தோம்?

எடுத்தது ஒரு பிள்ளை. இந்த நாட்டில் பிறந்தவள். ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசித்துவிட்டு அன்று நிலக்கீழறைக்கு இறங்கி வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "இவ்வளவு நெல் விளையிற நாட்டில வயலில வேலை செய்யிற ஆக்கள் எங்கே?" பெரியவர்கள் சிரித்தோம். சிரித்தது எமது பதில் இன்மையை மறைக்க.

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு திரும்ப வாசித்தோம். ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்கும் முதல் அத்தியாயம் இன்றைக்கும் எம்மை இழுத்துக்கொண்டு போகிறது. தமிழில் இப்படிக் கதையைத் தொடங்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. ஆனால் அதே நாவலில், பூக்கட்டிக் கோயிலுக்குக் கொடுக்கும் சேந்தன் அமுதன் என்ற எளிய மனிதன் இறுதியில் அரியணை ஏறுகிறான் என்று மகிழ்கிறோமே, அவன் ஏறுவது எப்படி? அவன் உண்மையில் செம்பியன் மாதேவியின் வயிற்றில் பிறந்தவன் என்று தெரியவந்த பிறகுதான். பூக்கட்டுகிறவனின் நற்குணத்துக்கும் கடைசியில் இரத்தத்திலிருந்துதான் விளக்கம் வருகிறது. ஈழக் கரையோரத்துத் தீவொன்றில் சுந்தர சோழர் கண்ட மந்தாகினியோ படகுக்காரக் குடும்பத்துப் பெண். அவளுக்குப் பேச்சும் இல்லை, கேள்வியும் இல்லை. அரச குடும்பத்தை மறுபடி மறுபடி காப்பாற்றி, இறுதியில் அரசருக்கு வந்த வேலைத் தன் உடம்பில் தாங்கிச் சாகிறாள். கதையின் மிக உருக்கமான பாத்திரம் அவள்தான் என்று நாமும் கண் கலங்கியவர்கள். ஆனால் தன் தரப்பைச் சொல்ல அவளுக்கு வாய் தரப்படவில்லை.

இன்னுமொன்று, எமக்கு மிக அருகில் இருப்பது. கல்கியின் அருள்மொழிவர்மர் அநுராதபுரத்தில் பாழடைந்த விகாரைகளைத் திருத்துவிக்கிறார். பிக்குகள் இலங்கை அரியணையையே அவரிடம் நீட்டுகிறார்கள். அவர் மறுக்கிறார். வாசிக்க எவ்வளவு இனிமை! சூளவம்சத்தைத் திறந்தால், ஐந்தாம் மகிந்தன் சிறைபிடிக்கப்பட்ட காலத்துச் சோழப்படை விகாரைகளின் செல்வத்தை வாரிக்கொண்டு போனதாகச் சொல்கிறது. சூளவம்சம் பிக்குகளின் நூல், அதற்கும் ஒரு பக்கம் உண்டு. கல்கிக்கும் ஒரு பக்கம் உண்டு. ஆதித்த கரிகாலன் கொலை பற்றிப் பேசும் உடையார்குடிக் கல்வெட்டில் ரவிதாசன் பிரமாதிராயன் என்ற பட்டம் பெற்ற பார்ப்பன அதிகாரி. நாவலில் அவன் மந்திரவாதி. நாவலாசிரியருக்கு மாற்றும் உரிமை இருக்கிறது, அதை நாம் மறுக்கவில்லை. அந்த மாற்றத்தை வரலாறென்று எடுத்துக்கொண்டு, எமது கொடியையும் எமது வீரத்தையும் அதிலிருந்து வெட்டித் தைத்துக்கொண்டோமே, அதற்குப் பொறுப்பு வாசகர்களாகிய எம்முடையது.

இரண்டாவது, உடைப்பவர்களின் கட்சி. கல்கி வெறும் பொழுதுபோக்கு, ஜானகிராமன் வெறும் கும்பகோணம், டானியல் வெறும் கோஷம் என்று மூன்று சொற்களில் மூவரையும் முடித்துவிடுவார்கள். கேட்டால் க.நா.சு. சொன்னார் என்பார்கள். கல்கியை இலக்கியத்தில் சேர்க்க மறுத்த க.நா.சு. உலக நாவல்களையெல்லாம் வாசித்து, மொழிபெயர்த்து, அந்த உழைப்பின் மேல் நின்று தன் பட்டியல்களைப் போட்டவர். இவர்கள் கையில் இருப்பது பட்டியல் மட்டும்.

கைலாசபதி 1968இல் 'தமிழ் நாவல் இலக்கியம்' எழுதி, நாவலைச் சமூக வரலாற்றோடு சேர்த்துப் பார்க்க ஒரு தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தார். அதை எதிர்த்து வெங்கட் சாமிநாதன் 'மார்க்சின் கல்லறையிலிருந்து ஒரு குரல்' எழுதினார். அவருக்கு எம்.ஏ. நுஃமான் மறுப்பு எழுதினார். மூவரையும் பற்றி எமக்குச் சண்டை இருக்கலாம். ஆனால் மூவரும் எதிராளியின் நூலைத் திறந்து, பக்கம் காட்டிச் சண்டை பிடித்தார்கள். எமது சண்டையில் பக்கம் எங்கே?

ரோல்ஸ்ரோய்க்கு ஷேக்ஸ்பியரைப் பிடிக்கவில்லை. உலகம் முழுக்கப் போற்றுவதை ஒரு பெரும் மயக்கம் என்றே அவர் எழுதினார், 1906இல் அது வெளிவந்தது. அதை எழுதுவதற்கு முன் என்ன செய்தார்? ரஷ்ய மொழியிலும் ஆங்கிலத்திலும் ஜேர்மன் மொழியிலும் பல தடவை வாசித்திருந்தும், தன்னைச் சோதித்துக்கொள்ள 75 வயதில் ஷேக்ஸ்பியர் முழுவதையும் மறுபடி வாசித்தார். அப்படியும் அவர் தவறாகச் சொல்லியிருக்கலாம். 1947இல் ஜோர்ஜ் ஓர்வெல் அவருக்குப் பதில் எழுதினார். ஆனால் ரோல்ஸ்ரோயின் தவறில்கூட எமக்குக் கற்க இருக்கிறது. வாசிக்காமல் சொன்ன சரியில் கற்க ஒன்றுமில்லை.

இனிப் 'பஞ்சம'ருக்கு வருவோம்.

1972இல் வந்த அந்த நாவலில் குறைகள் உண்டு. பாத்திரங்கள் வந்து குவிகிறார்கள். சில இடங்களில் மனிதர்கள் பேசுவதை நிறுத்திவிட்டுக் கூட்ட மேடையில் ஏறிவிடுகிறார்கள். இதைச் சொல்ல எவருக்கும் உரிமை இருக்கிறது. சொல்கிறவரின் சாதியைக் கேட்டு வாயை மூடவைப்பது விமர்சனத்துக்குப் பதிலாகாது. இதை அந்தக் கேள்வியைக் கேட்ட நண்பருக்குச் சொல்கிறோம்.

ஆனால் "துண்டுப்பிரசுரம்" என்ற நண்பருக்கும் ஒன்று சொல்லவேண்டும். கல்கியில் அத்தியாயம் அத்தியாயமாகச் சோழர் புகழ் வந்தால் அது உங்களுக்குச் சுவை. டானியலில் கோயில் வாசலும் தேநீர்க்கடையும் கிணறும் வந்தால் அது பிரசாரம். இந்த அளவுகோல் எந்தக் கடையில் வாங்கியது? தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தில் நின்று வேலை செய்த மனிதர், 1968இல் மாவிட்டபுரத்துக் கோயில் கதவு மூடப்பட்டதைத் தன் காலத்தில் கண்ட மனிதர், யாழ்ப்பாணத்துப் பேச்சையும் சடங்கையும் குடிமை முறையையும் உள்ளிருந்து எழுதினார். எமது ஊர்களைப் பற்றி நாம் பனிக்குள் இருந்து எழுதும் வேப்பமரத்துக் கட்டுரைகளில் அந்தக் கிணறுகள் வருவதில்லை. வந்தாலும் யார் அள்ளினார்கள், யார் அள்ளி ஊற்றும்வரை காத்து நின்றார்கள் என்பது வருவதில்லை.

கலையா அரசியலா என்று கட்சி பிரிக்கிறவர்களுக்கு மு. தளையசிங்கத்தை நினைவூட்டுகிறோம். 'ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி'யில் முற்போக்கு அணியின் இலக்கியப் பார்வையைக் கடுமையாகத் தாக்கியவர் அவர். அதே தளையசிங்கம் 1971இல் புங்குடுதீவில் ஒடுக்கப்பட்ட மக்கள் கோயில் கிணற்றில் நீர் அள்ளும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் செய்து பொலிசாரிடம் அடி வாங்கினார். 1973இல் இறந்தார். டானியலின் அழகியலை ஏற்காத ஒருவருக்கு டானியலின் கிணற்றடியில் நிற்க முடிந்தது. எனவே 'பஞ்சமர்' மோசமான நாவல் என்று சொல்கிறவரெல்லாம் சாதிமான் அல்ல. அதுபோல, கலையைப் பற்றி மட்டுமே பேசுகிறேன் என்று சொல்கிறவரெல்லாம் கலையைப் பற்றித்தான் பேசுகிறார் என்பதும் இல்லை.

மூன்றாவது, சமாதானக் கட்சி. இதுதான் ஆபத்தானது. "அவரவர் ரசனை" என்று சொல்லித் தேத்தண்ணி கொண்டுவருகிறவர்கள். ரசனை வானத்திலிருந்து விழுவதில்லை. எந்த வீட்டில் எந்தப் புத்தகம் வாங்கப்பட்டது, எவர் பிள்ளை பாடசாலைக்குப் போனது, எவர் பிள்ளை பின்வாங்கில் இருத்தப்பட்டது என்பதெல்லாம் சேர்ந்து ஆனது ரசனை. "அவரவர் ரசனை" என்று விட்டுவிட்டால் யாழ்ப்பாணத்து முற்றத்தில் எவர் எங்கே நின்றாரோ அவர் அங்கேயே நிற்பார், ஸ்ரௌவ்வில்லிலும்.

எமது நிலைப்பாடு கடினமானதல்ல. நூலை முடிவுவரை வாசியுங்கள். இடையில் விட்டால், எந்தப் பக்கத்தில் ஏன் விட்டேன் என்று சொல்லுங்கள். அதுவும் நேர்மையான விமர்சனமே. எந்த இடம் உங்களைத் தொட்டது, எந்த இடம் பொய்த்தது என்று காட்டுங்கள். நீங்கள் எங்கே நின்று வாசித்தீர்கள் என்பதை மற்றவர் கேட்குமுன் நீங்களே சொல்லுங்கள். அதற்குப் பிறகு 'பொன்னியின் செல்வன்' சிறிதானால் சிறிதாகட்டும், 'பஞ்சமர்' பெரிதானால் பெரிதாகட்டும், இரண்டும் மறுவளமானாலும் ஆகட்டும். அந்தச் சண்டையைப் பார்த்து அந்தப் பிள்ளையும் படியில் இறங்கி வரும். கும்பிடுகிறவர்களுக்கும் கொளுத்துகிறவர்களுக்கும் நடுவில் உட்கார அதற்கு ஒரு கதிரை இல்லை.

ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வோம். மருத்துவத்துக்காகத் தமிழகம் போன டானியல் 1986இல் தஞ்சாவூரில் காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். கல்கியின் சோழநாட்டு மண்ணில்தான் 'பஞ்சம'ரை எழுதியவர் கிடக்கிறார். அந்தப் பிள்ளை தேடிய வயல்காரர்களும் அந்த மண்ணைத்தான் உழுதார்கள்.

வராமல் விட்ட நண்பர்கள் இருவருக்கும்: அடுத்த சந்திப்பு அதே நிலக்கீழறையில். இரண்டு நாவல்களும் மேசையில் இருக்கும். வாசித்துவிட்டு வாருங்கள், சண்டை பிடிப்போம்.