பன்னிரண்டு அணாவும் சேர்த்து

வரவேண்டிய பணத்தைக் கேட்டு ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள், அது எவ்வளவு சங்கடம் என்று தெரியும். "சௌக்கியம்தானே?" என்று ஆரம்பித்து, மழை, பிள்ளைகள் பரீட்சை, மாமியாரின் முழங்கால் வலி எல்லாம் எழுதிவிட்டுக் கடைசி வரியில்தான் விஷயத்துக்கு வருவோம். அதிலும் "முடிந்தால்" என்று ஒரு வார்த்தை போட்டு!

கப்பலோட்டிய தமிழர் வ.உ.சி.க்கும் இப்படி எழுத நேர்ந்திருக்கிறது, சகோதரிகளே. எழுதியது காந்திஜிக்கு. 1915, 16-ல் இருவருக்கும் நடந்த கடிதப் போக்குவரத்தை ஆ.இரா.வேங்கடாசலபதி 2021-ல் புத்தகமாகக் கொண்டுவந்தார். பக்கத்து வீட்டு மாமி தந்து படித்தேன்.

இருபத்தைந்து ரூபாய் வீதம் நாற்பதாயிரம் பங்குகள் என்று திட்டம் போட்டு, 1906-ல் கப்பல் கம்பெனி ஆரம்பித்தவர் அவர். 1908-ல் சிறை. 1912 டிசம்பரில் வெளியே வந்தால் கம்பெனியும் இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை. மீனாட்சி அம்மாளையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு சென்னையில் குடித்தனம், சிந்தாதிரிப்பேட்டையில். (நம் தி.நகர் அப்போது பிறக்கவே இல்லை. இங்கே மாம்பலம் ஏரிதான்!)

தென்னாப்பிரிக்காவிலுள்ள நம்மவர்கள் வ.உ.சி.க்கென்று பணம் வசூலித்துக் காந்திஜியிடம் கொடுத்திருந்தார்கள். அவருக்கோ யார் தந்தது, எவ்வளவு என்று நினைவில்லை. அங்கிருந்து கணக்கு வரவேண்டும். 1915 ஏப்ரலில் அவர் சென்னை வந்தபோது, காலை ஆறு மணிக்கு வந்தால் சில நிமிஷம் பார்க்கலாம் என்று எழுதுகிறார். அத்தனை சீக்கிரம் ட்ராம் கொண்டுபோய்ச் சேர்க்குமா என்பது இவருடைய கவலை. இரண்டு கப்பல் வாங்கிக் கொழும்புக்கு விட்ட மனிதர்!

பணம் வேண்டுமா என்ற பேச்சு வந்தபோது அவர் மழுப்பவில்லை. இரண்டு வருஷமாகத் தென்னாப்பிரிக்க நண்பர்கள் தயவில்தான் குடும்பம் நடக்கிறது, இந்த நிலைமையில் வேண்டாமென்றால் எனக்கும் என் குடும்பத்துக்கும் தவறு செய்தவனாவேன் என்ற பொருள்பட எழுதிவிட்டார். அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எத்தனை வீடுகளில் ஆண்பிள்ளை "எனக்கெதற்கு" என்று வெளியே கௌரவமாகச் சொல்லிவிட்டு வந்து, காலி அரிசிப் பானையை நம் தலையில் கட்டுகிறார்!

எனக்கு மனசெல்லாம் மீனாட்சி அம்மாள் மேலேயே போயிற்று. தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலைப் பார்த்திருப்பாளா? எந்தக் கடையில் "அடுத்த வாரம்" என்று சொல்லியிருப்பாள்? அதையெல்லாம் யார் எழுதி வைத்தார்கள்?

கிட்டத்தட்ட ஒன்பது மாசம் கழித்து, 1916 தொடக்கத்தில் பணம் வந்து சேர்ந்தது. 347 ரூபாய் 12 அணா. புத்தகத்தின் பெயரிலேயே அந்தத் தொகை இருக்கிறது. பன்னிரண்டு அணா என்றால் முக்கால் ரூபாய். தினமும் ராத்திரி கணக்கு நோட்டோடு உட்காருகிற எனக்கு, முந்நூற்று நாற்பத்தேழைவிட அந்த முக்கால் ரூபாய்தான் கண்ணில் நிற்கிறது.