புள்ளிராஜாவும் 72 மணித்தியாலமும்



2000களின் தொடக்கத்தில் தமிழ்நாடு முழுக்க ஒரு விளம்பரம்: "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" யாரப்பா இந்தப் புள்ளிராஜா என்று சனம் பஸ்ஸிலும் டீக்கடையிலும் சிரிச்சுக்கொண்டே கதைச்சது. வீட்டில வாயே திறக்காத விசயத்தை ஒரு பகிடி தெருவுக்குக் கொண்டுவந்தது. அதுதான் வெகுசனப் பண்பாட்டின் பலம்.

பலவீனமும் அதே கேள்விக்குள்ளதான் இருக்கு. அது ஒரு ஆம்பிளையைப் பற்றியது, பயத்தைப் பற்றியது. கொண்டம் போடச் சொல்லி ஒரு பெண் எப்படிக் கேட்பாள் என்பது அந்தக் கேள்வியில் இல்லை. அமெரிக்காவில் சால்ட்-என்-பெப்பா என்ற ராப் குழுவின் பெண்கள் 1991இல் பாலுறவைப் பற்றி வெளிப்படையாகப் பாடினார்கள். பிறகு அதே பாட்டை எய்ட்ஸ் பற்றி மாற்றியும் பாடினார்கள். பேசுகிறவர் மாறினால் பேச்சும் மாறும்.

லண்டனில் பிறந்த எங்களுக்கு 2019இல் நெட்ஃபிளிக்ஸின் 'செக்ஸ் எஜுகேஷன்' வந்தது. சம்மதம், கருத்தடை எல்லாம் அதைச் சாட்டாக வைச்சுக் கதைச்சம், ஆங்கிலத்தில. அகதியா இப்பதான் வந்து, தமிழ் மட்டும் தெரிஞ்ச இருபது வயசுப் பிள்ளைக்கு யார் சொல்லுறது? இங்கிலாந்தில் பால்வினை நோய்ப் பரிசோதனையும் எச்ஐவி சிகிச்சையும் விசா இல்லாதவருக்கும் இலவசம். எச்ஐவி தொற்றியிருக்கலாம் என்று பயம் வந்தால் 72 மணித்தியாலத்துக்குள் தடுப்பு மாத்திரையைத் தொடங்கவேணும். தெரியாமல் அஞ்சாம் நாள் போனால் பிந்திவிடும்.

ஆகவே ரீல்ஸ் செய்யுற, ராப் பாடுற தோழர்களிடம் ஒரு கோரிக்கை: பேச்சுத் தமிழில், பகிடியோட செய்யுங்கோ. ஆனால் எந்த கிளினிக்குக்குப் போகலாம், எத்தனை மணித்தியாலத்துக்குள் போகவேணும் என்று சொல்லாமல் முடிக்காதேங்கோ.