பச்சை குத்திய உடலும் பூட்டிய குளியலறையும்

உள்ளே தாழிட்ட குளியலறை. கதவை உடைத்துப் போனால் ஒரு பெண்ணின் தலையும் கைகால்களும் கிடக்கின்றன. பச்சை குத்திய உடற்பகுதியை மட்டும் காணவில்லை. ஜப்பானிய எழுத்தாளர் அகிமிட்சு தகாகி 1948இல் வெளியிட்ட ‘பச்சை குத்திய உடல் கொலை வழக்கு’ நாவலின் புதிர் இது. விமானத் தொழிற்சாலைப் பொறியாளராக இருந்து, போர் முடிந்ததும் வேலையிழந்தவர் தகாகி. துப்பறியும் கதை எழுத்தாளர் எடோகாவா ரம்போவின் பரிந்துரையால் அச்சேறிய முதல் நாவலிலேயே பெயர் வாங்கிவிட்டார். தாழ்ப்பாளின் சூட்சுமத்தைச் சொல்லி, இனிப் படிக்கப்போகிறவர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ள மாட்டேன். ஆனால் இந்த நாவல் நிலைத்ததற்குக் காரணம் அந்தச் சூட்சுமம் அல்ல. தோலில் இருக்கும் ஓவியத்தைத் தடைச்சட்டம் என்ன ஆக்கியது என்று அது காட்டியதே காரணம்.

மேலைநாட்டார் கண்ணில் நாகரிகமாகத் தெரியவேண்டும் என்று 1872இல் ஜப்பானின் மெய்ஜி அரசு பச்சை குத்துவதைத் தடைசெய்தது. வேடிக்கை என்னவென்றால், 1881இல் ஜப்பானுக்கு வந்த பிரிட்டிஷ் இளவரசர் ஜார்ஜ் தம் கையிலேயே பச்சை குத்திக்கொண்டு போனார். தடையால் கலை அழியவில்லை, ஒளிந்துகொண்டது. கதை நடக்கும் 1947இலும் தடை நீங்கவில்லை. ஒரோச்சிமாரு என்ற பாம்பு மந்திரவாதியின் சித்திரத்தை முதுகில் சுமக்கும் நாவலின் கினுவே, அந்த உருவத்துக்காகவே பிறரின் ஆசைக்கு இலக்காகிறாள். இறந்தவர்களின் பச்சை குத்திய தோலைச் சேகரிக்கும் பேராசிரியர் பாத்திரமும் வெறும் கற்பனை அல்ல. நோய்க்குறியியல் மருத்துவர் மசாயிச்சி ஃபுகுஷி உண்மையிலேயே அப்படிச் சேகரித்தவர்.

மெய்ஜிக்கு முந்தைய எடோ காலத்திலேயே குற்றவாளிகளுக்குப் பச்சை குத்தினார்களே, அவப்பெயர் தடைக்கு முந்தியதுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்தத் தண்டனை பெரும்பாலும் கையில் இட்ட வெறும் கோடுகள். தீயணைப்பு வீரர்களும் கூலித்தொழிலாளர்களும் உடலில் விரும்பி ஏற்ற சித்திரங்கள் வேறு. தடைதான் இரண்டையும் ஒரே பட்டியலில் சேர்த்தது. யாகுசா என்னும் குற்றக் கும்பல்கள் பச்சை குத்திக்கொள்வதும் உண்மைதான். விலக்கப்பட்டதை எதிர்ப்பின் அடையாளமாக்க அவர்களுக்கு வழிவிட்டதும் அந்தத் தடையே. 1948இல் தடை நீங்கியது. பச்சை குத்துவது மருத்துவச் செயல் அல்ல என்று 2020இல் ஜப்பானிய உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்துவிட்டது. இருந்தும் பல வெந்நீர் ஊற்றுக் குளியலகங்கள் அறிவிப்புப் பலகை வைத்து, பச்சை குத்தியவர்களை இன்னும் உள்ளே விடுவதில்லை. யாகுசா பயம்தான் காரணம் என்றால், மிரட்டுகிறவரை வெளியேற்ற அவர் நடத்தையே போதும், முதுகைப் பார்க்கத் தேவையில்லை. அந்த அறிவிப்புப் பலகைகளைக் கழற்றிவிடலாம்.