ஏட்டில் ஏறுவது மெய்யாக இருக்கட்டும்



பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்கு நான் ஒன்றைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸ்டோரில் பால் நிறுக்கும்போது கிராணி ஒரு கணக்கு எழுதுவார். வெட்டியவர் மனத்தில் இன்னொரு கணக்கு எழுதிக்கொள்வார். சம்பளச் சீட்டு வந்ததும் இரண்டையும் ஒத்துப் பார்ப்பார். குறைந்தால் கேட்டுவிடுவார். செம்பனைக் குலை எண்ணும் இடத்திலும் அதே கதைதான்.

காசுக் கணக்கில் இவ்வளவு கவனமாக இருக்கும் நாம், மருத்துவமனையில் நம் வீட்டு நோயாளியைப் பற்றி என்ன எழுதுகிறார்கள் என்று பார்க்கிறோமா? அதுவும் மனநோய் என்றால், பார்ப்பது இருக்கட்டும், நாமே பொய்க் கணக்கு கொடுத்துவிட்டு வருகிறோம்!

சுங்கை சோ பக்கத்திலிருந்து ஒரு தாய் தன் மகனை அழைத்துக்கொண்டு அரசாங்க மருத்துவமனைக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். “எப்போதிலிருந்து இப்படி இருக்கிறான், அம்மா?” என்று டாக்டர் கேட்கிறார். “போன மாசந்தான் ஐயா” என்கிறாள் அவள். உண்மை என்ன? இரண்டு தீபாவளிக்கு முன்பே அவன் வேலைக்குப் போவதை விட்டுவிட்டான். இரவெல்லாம் விழித்திருந்து தனியாகப் பேசினான். மந்திரித்தார்கள், கயிறு கட்டினார்கள், போமோவிடமும் போனார்கள். அவனுக்கு ஒரு தங்கை இருக்கிறாள். நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் “தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்” என்று சொல்லிவிட்டால்? அந்தப் பயத்தில் தாய் இரண்டு வருடத்தை ஒரு மாதமாக்கிவிட்டாள்.

அந்த ஒரு மாதம் ஏட்டில் ஏறிவிட்டது.

நம் நாட்டின் சுகாதார அமைச்சு 2003-ஆம் ஆண்டில் தேசிய மனநலப் பதிவேட்டைத் தொடங்கியது. மனச்சிதைவு நோய் கண்டவர்களின் விவரங்களைத்தான் முதலில் சேர்த்தார்கள். நோயாளியின் வயது, இனம், வேலை, என்ன மருந்து என்பவற்றோடு, சிகிச்சைக்கு வருமுன் நோய் எத்தனை காலம் கவனிக்கப்படாமல் இருந்தது என்பதும் அதில் ஒரு கேள்வி. சிகிச்சை தாமதமானால் குணமாவதும் கடினமாகிறது என்பது மருத்துவர்கள் கண்ட உண்மை. யார் தாமதமாக வருகிறார்கள், ஏன் வருகிறார்கள் என்று தெரிந்தால்தானே எங்கே உதவி தேவை என்று தெரியும்? தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே மாதத்தில் வந்துவிடுகிறார்கள் என்று ஏடு சொன்னால், நம் பக்கம் திரும்பிப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

இத்தகைய ஏடுகளைச் சரிபார்க்க வழி உண்டு. பதிவான பெயர்களில் சிலவற்றை எடுத்து, மருத்துவமனைக் கோப்போடு வரிக்கு வரி ஒப்பிடுவார்கள். முதல் டாக்டர் என்ன நோய் என்று எழுதினார் என்பதைச் சொல்லாமல், இன்னொரு டாக்டரைக் கொண்டு கோப்பைப் படிக்கச் செய்து, இருவர் முடிவும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். இது வெறும் சடங்கல்ல. நியூயார்க் மருத்துவமனைகளில் லண்டனைவிட மிக அதிகம் பேருக்கு மனச்சிதைவு என்று எழுதப்பட்டு வந்தது. ஆய்வாளர்கள் இரண்டு ஊர் நோயாளிகளையும் ஒரே முறையில் பரிசோதித்தபோது, அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி மறைந்துபோனது. 1972-இல் வெளிவந்த முடிவு இது. நோயாளிகள் வேறுபடவில்லை, பெயர் வைத்த விதந்தான் வேறுபட்டிருந்தது!

பெயர் என்றதும் நம் தொல்லை ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒரே முனியாண்டியை ஆங்கில எழுத்தில் மூன்று விதமாக எழுதலாம். தகப்பன் பெயரையே நோயாளி பெயராக எழுதிவிடுவதும் உண்டு. ஓர் ஆள் இரண்டு ஆளாகிவிடுவார்; பழைய கோப்பு ஒரு பக்கம், புதிய கோப்பு ஒரு பக்கம். எந்த மருந்து முன்பு ஒத்துக்கொள்ளவில்லை என்பது பழைய கோப்பிலேயே தூங்கும். இதற்குக் காவல் அடையாளக் கார்டின் பன்னிரண்டு இலக்க எண். முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி. கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். எழுதிய பிறந்த தேதி இந்த எண்ணோடு ஒத்துவராவிட்டால் தவறு உடனே பிடிபடும்.

முகவரியும் அப்படித்தான். நம் வட்டாரத்தில் எத்தனை தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன! லயத்து வீடு போய்விட்டது. கோப்பில் மட்டும் அதன் எண் இருக்கிறது. மருந்துக்கு வராதவரைத் தேடி வரும் தாதி எந்தக் கதவைத் தட்டுவார்?

ஆகவே தாய்மார்களே, பெரியவர்களே, நான்கு காரியம் செய்யுங்கள்.

ஒன்று: போகும்போது அடையாளக் கார்டையும், முன்பு கொடுத்த மருந்து உறைகளையும், வருகை அட்டையையும் கொண்டுபோங்கள்.

இரண்டு: நோய் தொடங்கிய காலத்தை வீட்டிலேயே உட்கார்ந்து யோசியுங்கள். தேதி நினைவில்லையா? எந்தத் திருவிழாவுக்கு முன், எந்தப் பிள்ளை பள்ளியில் சேர்ந்த வருடம் என்று சொன்னாலும் போதும்.

மூன்று: வீடும் டெலிபோன் எண்ணும் மாறினால் சொல்லிவிடுங்கள்.

நான்கு: எழுதியதைப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். “இது தவறு, ஐயா” என்று பணிவாகச் சொல்வதில் குற்றமில்லை.

போமோவிடம் போனதைச் சொன்னால் திட்டுவார்களோ என்று தயங்காதீர்கள். டாக்டர் கேட்பது உங்களைக் குறை கூற அல்ல. தங்கையின் கல்யாணத்துக்கு அந்த ஏடு குறுக்கே வராது. அது கோயில் சுவரில் ஒட்டும் நோட்டீசும் அல்ல. நோயாளியின் விவரங்களை இரகசியமாக வைத்திருப்பது மருத்துவர் கடமை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஏட்டில் இருப்பது மெய்யானால், அது நம் பிள்ளைக்கு மருந்தாகவே உதவும். அதை மெய்யாக்குவது டாக்டர் கையில் பாதி; மறுபாதி உங்கள் வாயில்.