நிதானமான யந்திரம்

எதையும் தம் கையாலேயே செய்து பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை அமெரிக்க தேசத்தாரிடம் அதிகம். மோட்டார் வண்டியைத் தாமே பிரித்துப் பூட்டுவார்கள்; நாற்காலியைத் தாமே இழைத்துச் செய்வார்கள். அவர்களில் ஒரு சாரார் மாலை வேளையில் வீட்டுக் கொட்டகையில் அமர்ந்து துப்பாக்கித் தோட்டாவும் செய்கிறார்கள் என்று சொன்னால், நம் வாசகர்களில் சிலர் திடுக்கிடக்கூடும். ஆனால் அந்நாட்டில் அது குற்றமல்ல. தம் சொந்த உபயோகத்துக்காகத் தோட்டா நிரப்புகிறவருக்கு மத்திய சர்க்காரின் லைசென்ஸ் தேவையில்லை. விற்பனைக்காகச் செய்பவருக்கே அது வேண்டும். ஆகவே அங்குள்ள பொழுதுபோக்காளர் முன்னே நிற்கும் கேள்வி மிகவும் சாதாரணமானது: எந்த யந்திரத்தை வாங்குவது?

இதற்கு விடை காண, முதலில் தோட்டா என்பது யாது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு அங்கங்கள் நான்கு. பித்தளைக் கூடு ஒன்று; அதன் அடியில் பதித்த கேப்பு ஒன்று; கூட்டினுள் மருந்து; வாயில் செருகிய குண்டு. சுட்ட பிறகு மருந்து எரிந்து போகிறது, குண்டு பறந்து போகிறது, கேப்பு செத்துப் போகிறது. பித்தளைக் கூடு மட்டும் மிஞ்சுகிறது. நான்கிலும் விலை கூடியது பெரும்பாலும் அதுவே. நல்ல கூட்டைப் பல முறை திரும்ப நிரப்பலாம்.

இந்தக் கேப்பிலே ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்கரான பெர்டன் கண்டுபிடித்த முறை ஐரோப்பாவில் பரவியது. ஆங்கிலேயரான பாக்ஸர் கண்டுபிடித்த முறை அமெரிக்காவில் பரவியது. பாக்ஸர் முறையில் கூட்டின் அடியில் நடுவே ஒரே துவாரம் இருப்பதால், ஓர் ஊசியைச் செலுத்திப் பழைய கேப்பை எளிதில் தள்ளிவிடலாம். இந்தத் தொழில் அமெரிக்க வீடுகளில் வேரூன்றியதற்கு அந்த ஒற்றைத் துவாரமும் ஒரு காரணம்.

யந்திரத்தின் வேலையை விளக்க நம் சமையலறையில் உள்ள முறுக்கு அச்சே போதும். ஒரே நாழியில் தட்டை மாற்றி முறுக்கும் பிழிகிறோம், ஓமப்பொடியும் பிழிகிறோம் அல்லவா? அதுபோல், இரும்புச் சட்டம் ஒன்று. அதில் திருகி மாட்டும் அச்சுகள் பல. கைப்பிடியைக் கீழே இழுத்தால் கூடு மேலே சென்று அச்சினுள் நுழைகிறது. சுட்டபோது சற்றுப் பருத்துப் போன கூட்டை ஓர் அச்சு பழைய அளவுக்குக் கொண்டுவந்து, செத்த கேப்பையும் வெளியே தள்ளுகிறது. பிறகு புதிய கேப்பு, அளந்த மருந்து, இறுதியில் குண்டு. பெரும்பாலான கம்பெனிகள் அச்சின் மரையை ஒரே அளவில், அதாவது முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக, எட்டில் ஏழு அங்குல விட்டத்தில், அங்குலத்துக்கு 14 மரை என்று வைத்திருக்கின்றன. ஆகையால் ஒரு கம்பெனியின் அச்சு மற்றொரு கம்பெனியின் சட்டத்தில் பொருந்தும். வாங்குகிறவருக்கு இது பெரிய சௌகரியம்.

யந்திரங்கள் மூன்று வகை. முதலாவது, ஒற்றை அச்சு யந்திரம். ஒரு சமயத்தில் ஒரு காரியம் மட்டும் செய்யும். ஐம்பது கூடுகளுக்கும் முதல் வேலையை முடித்துவிட்டு, அச்சை மாற்றி, இரண்டாவது வேலையைத் தொடங்க வேண்டும். இரண்டாவது, சுழலும் தலை யந்திரம். நாலைந்து அச்சுகள் ஒரு வட்டத் தலையில் நிற்கும்; தலையைத் திருப்பினால் அடுத்த அச்சு முன்னே வரும். மூன்றாவது, தொடர் யந்திரம். இதில் பல கூடுகள் ஒரே வட்டத்தில் அமர்ந்திருக்க, ஒவ்வோர் இழுப்புக்கும் எல்லா வேலைகளும் ஒருசேர நடந்து, முழுத் தோட்டா ஒன்று பெட்டியில் விழும். முதல் வகையில் மணிக்கு 50 முதல் 100 வரை செய்தால் அதிகம். மூன்றாவதில் 400, 500 என்று குவிக்கலாம்.

இத்துறையில் புகழ்பெற்ற கம்பெனிகள் சிலவற்றின் பிறப்பும் எளிமையானதே. கலிபோர்னியா மாகாணத்து ஓரோவில் என்ற ஊரில் ஃபிரெட் ஹண்டிங்டன் என்பவர் 1943-ல், யுத்த காலத்தில் நல்ல சிறு குண்டுகள் கிடைக்காத குறையைப் போக்க, அவற்றைச் செய்யும் அச்சுகளை உண்டாக்கினார். அதுவே ஆர்.சி.பி.எஸ். கம்பெனி ஆயிற்று. விஸ்கான்ஸின் மாகாணத்து ரிச்சர்டு லீ 1958-ல் தொடங்கியது யந்திரம்கூட அல்ல. சுத்தியலால் தட்டி நிரப்பும் ஒரு சிறு கைக்கருவி. வெறும் சுத்தியலும் பொறுமையும் கொண்டு நல்ல தோட்டா செய்யலாம் என்பதற்கு அந்தக் கருவி சாட்சி.

இனி, புதிதாகத் தொடங்குகிறவர் எதை வாங்குவது? வேகமானதை அல்ல என்பதே நம் அபிப்பிராயம். காரணம் சொல்கிறோம்.

மருந்தை நிறுக்கும் அளவு கிரெயின். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். நம் ஊர்த் தட்டார் நிறுக்கும் குன்றிமணி ஒன்று ஏறக்குறைய இரண்டு கிரெயின். சில கைத்துப்பாக்கித் தோட்டாக்களுக்கு வேண்டிய மருந்து இரண்டு மூன்று குன்றிமணி எடைதான். அது கூட்டில் பாதி இடத்தைக்கூட நிரப்புவதில்லை. ஆகையால் கவனம் பிசகி இரண்டு முறை மருந்து விழுந்தாலும் வழிந்து காட்டிக்கொடுக்காது. மேலே குண்டைச் செருகிவிட்டால், சரியான தோட்டாவும் தவறான தோட்டாவும் பார்வைக்கு ஒன்றே. சுடும்போது துப்பாக்கி கையிலேயே வெடித்துச் சிதறலாம். மருந்தே விழாமற் போனாலும் அபாயம் குறையாது. கேப்பின் பலம் மட்டும் குண்டைத் தள்ளி, அது குழாயின் நடுவே சிக்கி நிற்கும். தெரியாமல் அடுத்த குண்டைச் சுட்டால் குழாய் பிளக்கும்.

ஒற்றை அச்சு யந்திரத்தில் வேலை செய்கிறவர் ஐம்பது கூடுகளையும் பலகையில் வரிசையாக நிறுத்தி, மருந்து இட்ட பின் விளக்கை அருகே பிடித்து ஒவ்வொன்றையும் எட்டிப் பார்க்கலாம். எல்லாவற்றிலும் மருந்து ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். தொடர் யந்திரத்திலோ ஐந்து காரியங்களை ஒரே கணத்தில் கவனிக்க வேண்டியிருக்கிறது. அனுபவசாலிக்கு அது இயலும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தையிடம் யாரும் காவியத்தைக் கொடுப்பதில்லை.

சட்டத்தின் வடிவத்திலும் கருத்து வேண்டும். முன்புறம் திறந்த சட்டத்தில் கை எளிதாகப் புகும்; ஆனால் பலமாக அழுத்தினால் இம்மியளவு வளைந்து கொடுக்கும். நாற்புறமும் மூடிய வார்ப்பிரும்புச் சட்டம் அசையாது. நீண்ட துப்பாக்கியின் பெரிய கூடுகளை அழுத்த அதுவே ஏற்றது. அதைப் பலமான மேஜையில் திருகாணி கொண்டு இறுக்க வேண்டும். அத்துடன் ஒரு நல்ல தராசும், மருந்து அளவுகளைக் கூறும் அச்சிட்ட கைப்புத்தகமும் வாங்க வேண்டும். யந்திரத்துக்கு நூறு செலவழித்துத் தராசுக்கு முகம் சுளிப்பது, மாடு வாங்கிக் கயிற்றுக்குக் கஞ்சத்தனம் செய்வதாகும்.

இதனால் செலவு மிச்சமா என்று கேட்கலாம். தோட்டா ஒன்றுக்கு மிச்சம்தான். ஆனால் மலிவாகக் கிடைப்பதால் முன்னைவிட அதிகமாகச் சுடுகிறார்கள். மாதக் கணக்கு குறைவதில்லை. இதை அந்தப் பொழுதுபோக்காளரே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொள்வதுண்டு. உண்மையான லாபம், தம் துப்பாக்கிக்கு ஏற்ற தோட்டாவைத் தாமே தேர்ந்து செய்வதுதான்.

இல்லத்தரசிகள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கேப்பிலும் குண்டிலும் ஈயம் இருக்கிறது. பழைய கூடுகளைத் துலக்கும்போது எழும் தூசியிலும் ஈயம் கலந்திருக்கும். குழந்தைகளின் இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை என்பது வைத்தியர்களின் முடிவு. ஆகையால் இந்த வேலைக்குச் சாப்பாட்டு மேஜை உதவாது. வேலை செய்யும்போது தின்பதும் புகை பிடிப்பதும் கூடாது. முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் குழந்தையைத் தூக்க வேண்டும்.

நம் தேசத்தில் இந்த யந்திரத்துக்கு யாரும் ஆசைப்பட வேண்டாம். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இன்றித் தோட்டா செய்வது குற்றம். இதற்கு முந்தைய 1878-ஆம் வருஷத்துச் சட்டத்தை நம் முன்னோர் அவமானமாகக் கருதினார்கள். சாமானிய இந்தியர் லைசென்ஸுக்குக் காத்துக் கிடக்க, ஐரோப்பியருக்குத் தொடக்கத்தில் விதிவிலக்கு அளித்த சட்டம் அது. எனினும் 1931-ல் கராச்சியில் கூடிய காங்கிரஸ், ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் கேட்டபோது, அதற்கான விதிகளுக்கும் வரம்புகளுக்கும் உட்பட்டே கேட்டது. சுதந்திரம் வேண்டியவர்கள் கட்டுப்பாட்டையும் சேர்த்தே வேண்டினார்கள் என்பதை நாம் மறக்கலாகாது.

தோட்டா நிரப்புவோரிடையே எழுதாத விதி ஒன்று வழங்குகிறது: பிறர் நிரப்பிய தோட்டாவைச் சுடாதே, நீ நிரப்பியதைப் பிறருக்குக் கொடாதே. பார்வைக்கு ஒன்றாய் இருக்கும் ஐம்பது தோட்டாக்களில் எது சரி என்று சொல்லக்கூடியது, நிரப்பியவரின் மனச்சாட்சி ஒன்றே. அந்த மனச்சாட்சிக்கு அவகாசம் கொடுக்கும் யந்திரமே நல்ல யந்திரம். பரீட்சைத் தாள் திருத்துகிறவருக்கும், மருந்து கலக்குகிறவருக்கும், பாலம் கட்டுகிறவருக்கும் இது பொருந்தும் என்றே நமக்குத் தோன்றுகிறது.